அட்மின் ஆனதும் இசட் டிரைவ் எங்க போச்சு?

கம்ப்யூட்டர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த லெட்டர், மெயில், வாட்ஸ்அப் வாய்ஸ் எல்லாத்தையும் பிரிச்சு வெச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே பாட்டு தான்: "சும்மா ஓட்டினா ஓடுது சார், ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்தா ஓட மாட்டேங்குது." எங்க வேலூரைப் பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், அதிகாரமில்லாத போலீஸ்னு. அதுல ஜலகண்டேஸ்வரர் 1981லயே கோயிலுக்குத் திரும்பிட்டாரு, பாலாத்துலயும் எப்பவாச்சும் தண்ணி வருது, போலீஸ்னு சொன்னது டிரெய்னிங் ஸ்கூலை. இப்ப வந்திருக்கறது அதுக்கு நேர் தலைகீழான கேஸு, அதிகாரம் குடுத்ததால தான் வேலை நடக்கல. அதனால இந்தத் தடவை மொத்தப் பக்கமும் அதுக்கே.

ஒரு விஷயம், கமாண்டை எல்லாம் வாயால சொல்ற மாதிரி எழுதிருக்கேன், டைப் பண்ணும்போது இங்கிலீஷ் எழுத்துல அடிங்க.

கேள்வி: அண்ணா, ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். சாயங்காலம் போகும்போது பேக்கப் எடுக்க ஒரு பேட்ச் ஃபைல் (கமாண்டை வரிசையா எழுதி வெச்ச ஃபைல்) எழுதி வெச்சிருக்கேன். முதல் வரி கணக்கு சாஃப்ட்வேரோட டேட்டாபேஸ் சர்வீஸை நெட் ஸ்டாப் போட்டு நிறுத்தும், ரெண்டாவது வரி ரோபோகாப்பி (விண்டோஸோடயே வர்ற காப்பி கமாண்ட்) வெச்சு டேட்டாவை இசட் டிரைவுக்கு (அது ஆபீஸ்ல இருக்கற நாஸ் பெட்டி, நெட்வொர்க்ல மாட்டின பொது ஹார்ட் டிஸ்க்) காப்பி பண்ணும், மூணாவது வரி நெட் ஸ்டார்ட். டபுள் கிளிக் பண்ணா சர்வீஸ் நிக்கல, சிஸ்டம் எர்ரர் 5, ஆக்சஸ் டினைட்னு வருது. சரினு ரைட் கிளிக் பண்ணி அட்மினா ஓட்டினா சர்வீஸ் நிக்குது, ஆனா ரோபோகாப்பி எர்ரர் 3, பாத் கிடைக்கலன்றான். இசட் டிரைவை மை கம்ப்யூட்டர்ல திறந்தா ஜம்முனு திறக்குது! இதைவிடக் கொடுமை, அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போய்ட்டேன், காலைல வந்தா கணக்கு சாஃப்ட்வேரே ஓப்பன் ஆகல, ஓனர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிகினேன்.

பதில்: இந்தப் பக்கம் போனா 5, அந்தப் பக்கம் போனா 3. உங்க மேல தப்பே இல்ல தம்பி.

முதல்ல ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. ரெண்டு கமாண்ட் ப்ராம்ப்ட் திறங்க, ஒண்ணு சாதாரணமா, இன்னொண்ணு அட்மினா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுகினு ரெண்டுலயும் "நெட் யூஸ்"னு மட்டும் அடிச்சு என்டர் தட்டுங்க. சாதாரண ஜன்னல்ல இசட் டிரைவ், அதுக்கு எதிர்ல ரிமோட்ன்ற காலத்துல நாஸோட முழு விலாசம், எல்லாம் அழகா வரும். அட்மின் ஜன்னல்ல இசட்டுக்கு நேரா "அன்அவைலபிள்"னு வரும், இல்லன்னா "தேர் ஆர் நோ என்ட்ரீஸ் இன் த லிஸ்ட்"னு வரும். அவ்ளோ தான் வியாதி, கண்ணால பாத்துட்டீங்க.

காரணம் இன்னான்னா, 2007ல விஸ்டா வந்ததுல இருந்தே, அட்மின் உரிமை உள்ள ஆளு லாகின் பண்ணா விண்டோஸ் அவருக்கு ரெண்டு டோக்கன் (அனுமதிச் சீட்டு மாதிரி) போட்டு வெச்சுக்கும், ஒண்ணு அதிகாரத்தை உருவிட்ட சாதாரண டோக்கன், இன்னொண்ணு முழு டோக்கன். நாள் பூரா நீங்க பண்றது எல்லாம் (எக்ஸ்ப்ளோரர், எக்ஸெல், ப்ரௌசர்) முதல் டோக்கன்ல தான் ஓடுது. ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்து எஸ் அமுக்குனா தான் ரெண்டாவது வெளிய வரும். பேரு ஒண்ணு தான், பாஸ்வேர்ட் ஒண்ணு தான், ஆனா விண்டோஸ் கணக்குல ரெண்டும் தனித்தனி லாகின் செஷன், நெட்வொர்க் டிரைவுக்கு இசட், ஒய்னு எழுத்து குடுத்து வெச்சிருக்கோமே அந்த லிஸ்ட்டு ஒவ்வொரு செஷனுக்கும் தனித்தனி. உங்க நாற்காலில வேற ஒருத்தர் வந்து உக்காந்த மாதிரி வெச்சுக்கோங்க, பீரோ சாவி அவர்கிட்ட இருக்கு, ஆனா நீங்க கதவுக்குப் பின்னால ஒட்டி வெச்ச போன் நம்பர் லிஸ்ட் அவருக்குத் தெரியாது.

தீர்வு ரொம்ப சுலபம், இசட்ன்ற செல்லப் பேரை விட்டுட்டு முழு விலாசத்தையே பேட்ச்ல எழுதுங்க. ரெண்டு பேக்ஸ்லாஷ், நாஸ் பேரு, ஒரு பேக்ஸ்லாஷ், ஷேர் பேரு. நெட் யூஸ்ல ரிமோட் காலத்துல வந்துதே, அதையே எடுத்துப் போடுங்க. ரோபோகாப்பிக்கு அது தாராளமா போதும். இல்ல எனக்கு டிரைவ் எழுத்து இருந்தே ஆவணும்னா அதே பேட்ச்குள்ளயே, காப்பி வரிக்கு முன்னாடி, நெட் யூஸ் போட்டு இசட்டை மறுபடி மேப் பண்ணிக்கலாம், வேலை முடிஞ்சதும் ஸ்லாஷ் டெலிட் போட்டு எடுத்துடலாம். பாஸ்வேர்டை மட்டும் பேட்ச்ல எழுதி வெக்காதீங்க, நோட்பேட்ல திறந்தா யாரு வேணா படிப்பாங்க.

ரெஜிஸ்ட்ரில "எனேபிள் லிங்க்ட் கனெக்‌ஷன்ஸ்"னு (மூணு வார்த்தையும் சேத்து ஒண்ணா) ஒரு டீவேர்ட் போட்டு மதிப்பு 1 குடுத்து ரீஸ்டார்ட் பண்ணா ரெண்டு செஷனுக்கும் ஒரே டிரைவ் லிஸ்ட் தெரியும்னு யாராச்சும் சொல்லுவாங்க, உண்மை தான், ஆனா ஒரு பேட்ச் ஃபைலுக்காக கம்பெனி கம்ப்யூட்டரோட ரெஜிஸ்ட்ரில கை வெக்கத் தேவையில்லன்றது என் கருத்து.

இப்ப அந்தக் காலைல நடந்த கூத்து. ரோபோகாப்பி தோத்துப் போனா சும்மா விடாது, 30 செகண்ட் காத்திருந்து திரும்ப முயற்சி பண்ணும். எத்தனை தடவை? நீங்க ஒண்ணும் சொல்லலன்னா 10 லட்சம் தடவை! கணக்குப் போட்டுப் பாத்தேன், காத்திருக்கற நேரம் மட்டுமே கிட்டத்தட்ட 347 நாள். அதாவது நீங்க சர்வீஸை நிறுத்திட்டு வீட்டுக்குப் போய்ட்டீங்க, அது ராத்திரி பூரா இல்லாத இசட் டிரைவைத் தட்டிக்கிட்டே இருந்திருக்கு, மூணாவது வரில இருக்கற நெட் ஸ்டார்ட்டுக்கு வண்டி வரவே இல்ல. ஸ்லாஷ் ஆர் கோலன் 2, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 5னு சேத்துடுங்க, ரெண்டு தடவை பாத்துட்டு அடுத்த வரிக்கு நகரும். இன்னொண்ணு, சர்வீஸை நிறுத்தறதுக்கு முன்னாடியே நாஸ் எட்டுதானு ஒரு இஃப் நாட் எக்சிஸ்ட் போட்டுப் பாத்துடுங்க, எட்டலன்னா சர்வீஸைத் தொடாமலே வெளிய வந்துடட்டும். ரோபோகாப்பி முடிஞ்சதும் வர்ற எண்ணு 8க்குக் கீழ இருந்தா காப்பி ஆயிடுச்சுனு அர்த்தம், 1 வந்துட்டா எர்ரர்னு பயப்படாதீங்க, 1ன்னா புதுசா ஃபைல் காப்பி ஆயிருக்குனு சொல்லுது.

டாஸ்க் ஷெட்யூலர்ல போட்டு 7 மணிக்கு தானா ஓட வெக்கப் போறீங்கன்னாலும் இதே முழு விலாசம் தான் போடணும், அங்கயும் இசட் இருக்காது.

கேள்வி: ராணிப்பேட்டைல ஒரு சின்ன யூனிட்ல ஸ்டோர்ஸ் வேலை சார். லேபிள் அடிக்கற பேட்ச் ஃபைல் ஒண்ணு, அதுவும் அதுக்கு வேண்டிய லிஸ்ட் ஃபைலும் ஒரே ஃபோல்டர்ல தான் இருக்கு. டபுள் கிளிக் பண்ணா வேலை செய்யுது, அட்மினா ஓட்டினா கருப்பு ஜன்னல் மின்னல் மாதிரி வந்துட்டு மறையுது. நெட்வொர்க் டிரைவ் எதுவும் இல்ல, எல்லாம் சி டிரைவ்ல தான்.

பதில்: கடைசி வரில பாஸ்னு (பி, ஏ, யூ, எஸ், இ) போடுங்க சார், ஜன்னல் நிக்கும், எர்ரரைப் படிக்கலாம். லிஸ்ட் ஃபைலைக் காணோம்னு தான் எழுதிருக்கும்.

டபுள் கிளிக் பண்ணும்போது பேட்ச் தான் இருக்கற ஃபோல்டர்லயே நின்னுகினு வேலை செய்யும். அட்மினா ஓட்டினா அது போய் நிக்கற இடம் சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32. உங்க லிஸ்ட்டு இங்க, அது தேடறது அங்க. பேட்ச்சோட முதல் வரியா சிடி, ஸ்லாஷ் டி, அப்பறம் டபுள் கோட்ஸுக்குள்ள பர்சன்ட், டில்டே, டி, பி, ஜீரோ, இதை இடைவெளி விடாம சேத்து எழுதுங்க. இந்தப் பேட்ச் எந்த ஃபோல்டர்ல இருக்கோ அங்க போய் நில்லுனு அர்த்தம். ஸ்லாஷ் டியை விட்டுட்டீங்கன்னா வேற டிரைவுக்கு மாறாது, பேட்ச் டி டிரைவ்ல இருந்தா அங்க கோட்டை விட்டுடுவீங்க.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு, சிரிக்காம கேளுங்க. ரொம்ப வருஷம் முன்னாடி நான் ஒரு பேட்ச் எழுதினேன், முதல் வரியே டெல், ஸ்டார் டாட் டிஎக்ஸ்டி, பழைய ரிப்போர்ட்டை எல்லாம் அழிச்சுட்டுப் புதுசு போடறதுக்கு. நல்லா ஓடிகினு இருந்துது, ஒருநாள் எதுக்கோ அட்மினா ஓட்டினேன். பழைய ரிப்போர்ட் அப்படியே இருக்கு, என்னடா அழிக்கலையேனு ஜன்னலைப் பாத்தா ப்ராம்ப்ட் வரில சிஸ்டம்32! முழு அதிகாரத்தோட விண்டோஸோட அடுப்பாங்கரைல நின்னுகினு எதையோ அழிச்சிருக்கேன். டிஎக்ஸ்டின்றதால பொழைச்சேன், ஸ்டார் டாட் ஸ்டார்னு எழுதியிருந்தா இந்நேரம் இந்தப் பக்கம் வேற யாராச்சும் எழுதிகினு இருப்பாங்க. அதனால அந்த சிடி வரிக்குப் பின்னாலயே ரெண்டு நெட்டுக்கோடு போட்டு எக்சிட் ஸ்லாஷ் பினு சேத்துடுங்க, போக வேண்டிய இடத்துக்குப் போக முடியலன்னா அதோட நிறுத்திக்கும், அழிக்கற வரி எதுவும் ஓடாது.

பேட்ச்சையே நெட்வொர்க் ஷேர்ல வெச்சிருந்தீங்கன்னா சிடி உதவாது, கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்கு ரெண்டு பேக்ஸ்லாஷ்ல ஆரம்பிக்கற விலாசத்துல போய் நிக்கத் தெரியாது. அங்க புஷ்டி போடுங்க, அது தானாவே காலியா இருக்கற ஒரு டிரைவ் எழுத்தை இசட்ல இருந்து கீழ்நோக்கித் தேடி எடுத்துக்கும், பாப்டி போட்டா திருப்பிக் குடுத்துடும்.

கேள்வி: சார், குடியாத்தத்துல ஜெராக்ஸ், டிடிபி கடை வெச்சிருக்கேன். பிடிஎஃப் எல்லாம் சேக்கற ஒரு கமாண்ட் லைன் ப்ரோக்ராம் தம்பி போட்டுக் குடுத்தான். அட்மினா ஓட்டும்போது பாஸ்வேர்ட் கேக்குது, அவன் குடுத்த பாஸ்வேர்டைப் போடறேன், எர்ரரே வரல, முடிஞ்சுதுனு சொல்லுது, ஆனா டெஸ்க்டாப்ல ஃபைலே இல்ல. சில சமயம் ப்ரோக்ராம் பேரையே தெரியலன்னு சொல்லுது.

பதில்: ஃபைல் இருக்கும்மா, வேற வீட்டு டெஸ்க்டாப்ல இருக்கு. எஸ், நோ மட்டும் கேட்டா அது நீங்களே தான், பாஸ்வேர்ட் கேட்டுச்சுன்னா நீங்க வேற அக்கவுண்ட்டுக்கு மாறிட்டீங்க, நிஜமாவே வேற ஆளு. அந்த ஜன்னல்ல "ஹூ ஆம் ஐ"னு (ஒரே வார்த்தையா) அடிச்சுப் பாருங்க, உங்க பேரு வராது, தம்பி உண்டாக்கின அட்மின் அக்கவுண்ட் பேரு வரும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், ப்ரோக்ராம் தேடற பாத் லிஸ்ட்ல உங்களுக்குனு போட்ட பகுதி, எல்லாமே அந்த அக்கவுண்ட்டோடதா ஆயிடும். சி டிரைவ், யூசர்ஸ், அந்தப் பேரு, டெஸ்க்டாப்னு போய்ப் பாருங்க, இதுவரைக்கும் சேத்த எல்லா பிடிஎஃப்பும் அங்க குவிஞ்சு கிடக்கும்.

சரி, பிடிஎஃப் சேக்கறதுக்கு இன்னாத்துக்கு அட்மின்? ஒரு தேவையும் இல்ல. தம்பி எதுக்கும் இருக்கட்டும்னு ப்ராப்பர்ட்டீஸ்ல டிக் போட்டு வெச்சிருப்பான், கம்பாட்டிபிலிட்டி டேப்ல போய் அந்த டிக்கை எடுத்துடுங்க.

கேள்வி: அண்ணா, காட்பாடி பக்கம் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். வேலூர் வெயிலை அளக்கறதுக்கு ஆர்டுயினோல சென்சார் மாட்டி உபுண்டுல பைத்தான் எழுதிருக்கேன். சும்மா ஓட்டினா டிடிஒய் யூஎஸ்பி0க்கு (ஆர்டுயினோ மாட்டின போர்ட்) பர்மிஷன் டினைட். சூடோ (லினக்ஸ்ல அட்மினா ஓட்டற கமாண்ட்) போட்டா சீரியல்னு மாட்யூலே இல்லன்னுது, ஆனா விஇஎன்வில (இந்த ப்ராஜெக்ட்டுக்குனு தனியா வெச்ச பைத்தான் ஃபோல்டர்) நான் தான் இன்ஸ்டால் பண்ணேன். ரூம்மேட்டு சூடோ பிப் போட்டு சிஸ்டம் பைத்தான்லயே மாட்யூலை இன்ஸ்டால் பண்ணிடுறான்றான். போடலாமா?

பதில்: ரூம்மேட்டுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடு. 23.04ல இருந்தே உபுண்டு அதைத் தடுத்துடும், எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்னு நீளமா ஒரு திட்டு வரும்.

ஊரு வேறன்னாலும் வியாதி ஆம்பூர்க்காரரோடது தான். சூடோன்றது 1980 வாக்குல அமெரிக்கால பஃபலோ யூனிவர்சிட்டில பாப் காக்‌ஷால், க்ளிஃப் ஸ்பென்சர்னு ரெண்டு பேரு எழுதினது, இப்ப அது ரொம்ப உஷாரான ஆளு, ரூட் (லினக்ஸோட அட்மின்) வேலைல நீ வெச்சிருக்கற பாத்தை நம்பாது. சூடோயர்ஸ் ஃபைல்ல செக்யூர் பாத்னு ஒரு வரி இருக்கு, அதுல இருக்கற ஃபோல்டர்ல மட்டும் தான் தேடும். நீ விஇஎன்வி ஆக்டிவேட் பண்ணது உன் ஷெல்லோட பாத்துல தான். அதனால சூடோ பைத்தான்னு அடிச்சா சிஸ்டம் பைத்தான் தான் எழுந்து வரும், அதுக்கு உன் சீரியல் மாட்யூல் தெரியாது. சூடோக்குப் பின்னால விஇஎன்வில இருக்கற பைத்தானோட முழு பாத்தைக் குடுத்தா ஓடும், தெரிஞ்சு வெச்சுக்கோ, ஆனா இந்தக் கேஸுக்கு அது மருந்து இல்ல.

எல்எஸ், மைனஸ் எல் போட்டு அந்த யூஎஸ்பி0வைப் பாரு. ஓனர் ரூட், க்ரூப் டயல்அவுட்னு இருக்கும், க்ரூப்ல இருக்கறவங்களுக்கு படிக்க எழுத உரிமை இருக்கும். அந்த க்ரூப்ல நீ இல்ல, அவ்ளோ தான் சண்டை. சூடோ, யூசர்மாட், மைனஸ் ஏஜி, டயல்அவுட், உன் யூசர் பேரு. லாக் அவுட் பண்ணிட்டு உள்ள வா, அப்பறம் சூடோவே இல்லாம ஓடும். அந்த மைனஸ் ஏஜில ஏ எழுத்தை மட்டும் விட்டுடாதடா, வெறும் மைனஸ் ஜின்னா இதைச் சேத்துக்கோனு அர்த்தம் இல்ல, இது மட்டும் போதும்னு அர்த்தம், மத்த க்ரூப்ல இருந்தெல்லாம் தூக்கிடும், சூடோ க்ரூப்பும் அதுல போயிடும். அப்பறம் சூடோவைச் சரி பண்றதுக்கே சூடோ இருக்காது.

நீ ஏற்கனவே சூடோ போட்டு நாலஞ்சு தடவை ஓட்டியிருப்பே, அப்ப உண்டான லாக் ஃபைல் ரூட் பேர்ல கிடக்கும், இப்ப நீ எழுதப் போனா அதுவும் டினைட்ன்னும். சிஎச்ஓன் போட்டு உன் பேருக்கு மாத்திக்கோ. மே மாசம் ரீடிங் எவ்ளோ வந்துதுனு எனக்கும் எழுது.

கேள்வி: வாணியம்பாடி. இவ்ளோ தொல்லை எதுக்கு சார், அந்த எஸ், நோ கேக்கறதையே மொத்தமா ஆஃப் பண்ணிட்டா?

பதில்: யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல் செட்டிங்ஸ்ல இருக்கற ஸ்லைடரைக் கீழ வரைக்கும் இறக்கினாலும் விண்டோஸ் 8ல இருந்து அது முழுசா ஆஃப் ஆகாது சார், கேக்கறதை மட்டும் தான் நிறுத்தும். ரெண்டு டோக்கன் அப்பவும் ரெண்டு தான், இசட் டிரைவ் அப்பவும் காணாம தான் போகும். கேள்வி கேக்காம உள்ள விடறதால கெட்ட ப்ரோக்ராமுக்கு தான் லாபம்.

கேள்வி: திருப்பத்தூர்ல இருந்து. ஃபைலை இழுத்து கமாண்ட் ப்ராம்ப்ட்ல போட்டா பாத் தானா விழும், நான் எப்பவும் அப்படித் தான் பண்ணுவேன். அட்மின் ஜன்னல்ல மட்டும் விழ மாட்டேங்குது, மவுஸ் மாத்திப் பாத்துட்டேன்.

பதில்: மவுஸை வீணா மாத்திட்டீங்க. எக்ஸ்ப்ளோரர் சாதாரண ஆளு, அந்த ஜன்னல் அதிகாரி, கீழ இருக்கறவன் மேல இருக்கறவன் மேஜைல எதையும் தூக்கிப் போட விண்டோஸ் விடாது. ஃபைல் மேல ஷிஃப்ட் அமுக்கிகினு ரைட் கிளிக் பண்ணி காப்பி ஆஸ் பாத் குடுங்க (விண்டோஸ் 11ல ஷிஃப்ட் தேவையில்ல, நேராவே மெனுல இருக்கும்), அப்பறம் அட்மின் ஜன்னல்ல கன்ட்ரோல் வி. கோட்ஸோட விழும், ஃபைல் பேர்ல இடைவெளி இருந்தாலும் தொல்லை இல்ல.